வாடகைக்கு அழுவுற மன்சூர் அலி

இல்லம்மா, அது நிக்காது. கையைக் காட்டினாலும் நிக்காது, அது சென்னை போற வண்டி. திருநள்ளாறு பஸ்ஸு இனிமே மூணு இருபதுக்குத்தான். மூணு இருபதுன்னா மூணே முக்காலுன்னு வச்சுக்குங்க. வெயில்ல நிக்காதீங்க, இப்புடி நெழலுக்கு வாங்க. அட வாங்கம்மா, உங்களைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போவ நான் வரலை. ஹாலுக்கு இன்னும் அம்பது சேர் வரணும், டாட்டா ஏஸுக்காரன் வாரானான்னு பாத்துக்கிட்டு நிக்கிறேன். நீங்க பாட்டுக்கு நில்லுங்க, நான் பாட்டுக்கு நிக்கிறேன்.

பை, தண்ணி பாட்டிலு, எல்லாத்தையும் எடுத்துட்டீங்க போலருக்கே. நாலு மணிக்குக் கடைசிப் பரீட்சை இருக்குல்ல? அதை எழுதினாத்தானே சர்ட்டிபிகேட்டு... வேணாமா? சரி. ஆனா அது இல்லாட்டி அந்தக் குழுவுல சேக்க மாட்டாங்களே. புயலு, தீ விபத்து, மீன்புடி போட்டு கடல்ல கவுந்துச்சுன்னா மொத ஆளா ஓடிப்போயி சனங்களோட உக்காருற குழு. பயிற்சி குடுக்குற தெட்சிணாமூர்த்தி சார் மொத நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னாரே... அதுவும் வேணாமா. சரிம்மா. அப்ப உங்க ஊரு சுரக்குடிக்குப் போயி என்ன செய்யிறதா உத்தேசம்?

பேங்க் பரீட்சையா! எம்மாடி. மனசைப் பத்தி ஆறு வருஷம் படிச்சுப்புட்டு அங்க போயி லாக்கர் சாவி எடுத்துக் குடுக்கப் போறீங்களா?

நிலாம்மா, நேராவே கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நேத்து நான் அழுதேன்ல, அதுக்குத்தானே கெளம்புறீங்க?

நெனச்சேன். நேத்து டீ டயத்துல அந்தப் புள்ளைங்க உங்களை அழவைக்கிற டாக்டருன்னு கிண்டல் பண்ணினப்பவே உங்க மூஞ்சி செத்துப்போச்சு. அட என்னம்மா நீங்க. நான் நடிக்க வந்த ஆளு. அழுவுறதுதான் எனக்கு வேலை. சமையக்காரன் சமைச்சுப்புட்டான்னு யாராச்சும் பயந்துக்கிட்டு ஊரை உட்டு ஓடுவாங்களா?

நான் எப்புடி இந்த வேலைக்கு வந்தேன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? நான் சேர் வாடகைக்கு உடுறவன்மா. சேர், சாமியானா, மைக்செட்டு. மன்சூர் அலி சவுண்ட் சர்வீஸ்னு காரைக்கால்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே ஹாலுக்கு மொத பயிற்சிக்குச் சேர் எறக்க வந்தேன். ஒரு சேருக்குக் கால் ஒடிஞ்சிருந்துச்சு. நீதான் ஒடிச்சேன்னு வாட்ச்மேன் சொல்றான், நீதான் ஒடிச்சேன்னு நான் சொல்றேன். சும்மா ஆரம்பிச்சது, ஏறிப்போச்சு. நெஞ்சுல அடிச்சுக்கிறேன், தரையில உக்காந்துட்டேன், யா அல்லாஹ் நியாயத்தைக் கேளுன்னு ரெண்டு கையையும் தூக்கிட்டேன். மாடிப்படியில ஒருத்தரு நின்னு பாத்துக்கிட்டே இருக்காரு. வெலக்கி உட வருவாருன்னு பாத்தா, சட்டைப் பையிலேருந்து நோட்டை எடுத்து எழுதுறாரு! அவருதான் தெட்சிணாமூர்த்தி சாரு. எல்லாம் முடிஞ்சப்பறம் கிட்ட வந்து, பாய், நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்து இதே மாதிரி கத்த முடியுமான்னு கேட்டாரு. மத்தியானச் சாப்பாடு உண்டுன்னாரு. கத்துறதுக்குச் சோறு போடுறேன்னு அதுவரைக்கும் யாரும் எங்கிட்ட சொன்னதில்லம்மா.

அன்னையிலேருந்து எந்த பேட்ச் வந்தாலும் நான்தான் பாதிக்கப்பட்ட நபரு. சாரு மணி அடிக்கிற வரைக்கும் புள்ளைங்க எங்கிட்ட ஆறுதல் சொல்லிப் பழகுவாங்க. சாரு ஒரு அட்டை குடுப்பாரு. அதுல நான் யாரு, எனக்கு என்ன ஆச்சு, எப்புடி இருக்கேன்னு நாலு வரி இருக்கும். மொத அட்டையில என்ன போட்டுருந்தாருன்னா, அதிர்ச்சியில உறைஞ்சு போயிருக்கீங்க, வாயே தொறக்கக் கூடாதுன்னு. என்னைப் போயி வாயைத் தொறக்காதேன்னு! ரெண்டு நிமிஷம் இருந்தேம்மா, சத்தியமா ரெண்டு நிமிஷம் இருந்தேன். எதுத்தாப்புல ஒரு தம்பி மெதுவா, உங்களுக்கு எப்ப தோணுதோ அப்பப் பேசுங்க, நான் இங்கயேதான் இருப்பேன்னு சொன்னான். எனக்கு அப்பவே தோணிருச்சு. தம்பிக்கு எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ளை, கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டேன். மணி அடிக்கிறதுக்குள்ள அவனுக்குத் திருமலைராயன்பட்டினத்துல ஒரு பொண்ணு சொல்லிட்டேன். சிரிக்காதீங்க, அந்தப் பொண்ணைத்தான் கட்டியிருக்கான். போன மாசம் புள்ளை பொறந்துருக்கு.

சிரிச்சுட்டீங்க பாருங்க. அதான்.

உங்க பேட்ச்லயே தமிழ்ச்செல்வன் இருக்காரே, நர்ஸு. பார், கேள், சேர்த்து விடுன்னு மூணே மூணு சொன்னாரு சாரு. அந்தத் தம்பி அதை அப்புடியே மனப்பாடம் பண்ணிட்டு வந்து எம்முன்னாடி உக்காந்துச்சு. மொதல்ல பார். பாக்குது. பாத்துக்கிட்டே இருக்கு. கண்ணைச் சிமிட்ட மாட்டேங்குது. நான் கடல்ல போட்டு கவுந்து தம்பியைப் பறிகுடுத்தவன், அழுது பொரளணும். ஆனா அது பாக்குற பார்வையில எனக்கு அழுவையே நின்னுபோச்சு, சட்டையில என்னமோ ஒட்டியிருக்குன்னு தடவிப் பாத்துக்கிறேன். கடைசில நான்தான் தம்பி ஒனக்கு ஒண்ணும் இல்லையேன்னு ஆறுதல் சொன்னேன்.

இன்னொருத்தரு, பேரு வேணாம், பாதிக்கப்பட்டவங்களுக்குத் தண்ணியோ டீயோ குடுக்கணும்னு படிச்சிருக்காரு. இருங்க வர்றேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாரு. போனவரு போனவருதான். நான் தனியா உக்காந்து செவுத்தப் பாத்து அழுவுறேன். மணி அடிக்கப் போற நேரத்துல ஓடியாராரு, கையில பார்சல் டீ, கூட சுடச்சுட எறால் வச்சுப் பொரிச்ச வாடா நாலு. கடையில கூட்டமாம். நான் அழுதுக்கிட்டே ரெண்டு வாடா தின்னேன். சாரு என்ன நெலமைன்னு கேட்டாரு, பரவால்ல சார், உசிரு வந்துருச்சுன்னேன். நோக்கம் சரி, முறை தப்புன்னு அவரு எழுதிக்கிட்டாரு. மீதி ரெண்டு வாடாவை சாருதான் தின்னாரு.

ஆனா பெரிய கூத்து எதுன்னா, போன வருஷம் எங்க ஊடு இடிஞ்சதுதான். கேள்விப்படலையா நீங்க? அட, கேளுங்க. அட்டையில, புயல்ல வீடு இடிஞ்சு விழுந்துருச்சு, கதறி அழணும்னு போட்டுருந்துச்சு. கதறினேன். ஐயோ எங்க ஊடு போச்சே, நிக்கிறதுக்கு நெழல் இல்லாமப் போச்சேன்னு நல்லாக் கதறினேன். நான்தான் மைக்செட்டும் குடுத்தவன். காலையில தொடக்க விழாவுக்கு வெளிய மரத்துல ஹாரன் கட்டினேன், கட்டினவன் அதை அணைக்க மறந்துட்டேன். மேசை மேல மைக்கு ஆன்ல இருக்கு. நான் கதறுனது நேரா தெருவுக்குப் போயிடுச்சு. பெரிய பள்ளிவாசல் வரைக்கும் கேட்டுச்சாம். நம்ம சாமான் அவ்வளவு நல்ல சாமான்மா.

அஞ்சே நிமிஷம். எதுத்தாப்புல ஊட்டுப் பொம்பளைங்க ஓடியாந்துட்டாங்க. பள்ளிவாசல் பசங்க கடப்பாறையோட நேரா எங்க தெருவுக்கு ஓடிட்டாங்க, இடிபாட்டுக்குள்ள ஆளு இருந்தா எடுக்கலாம்னு. எங்க லாத்தா அஜீசுன்னிசா, கூடப் பொறந்த அக்கா, கோட்டுச்சேரியில இருக்கு. அதுக்கு எவனோ போன் போட்டு, மன்சூர் ஊடு போச்சு, மன்சூரு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவுறான்னு சொல்லிப்புட்டான். அது ஆட்டோ புடிச்சு வந்துச்சு. சும்மா வரலை. தலையணை, ஜமுக்காளம், ஒரு தார்ப்பாய், அடுப்புல இருந்த கஞ்சியைச் சட்டியோட தூக்கிக்கிட்டு வந்துருச்சு. ஹாலுக்குள்ள நுழைஞ்சதும் என்னைக் கட்டிப்புடிச்சு அழுவுது. நான் லாத்தா, இது நடிப்பு, இது நடிப்புங்கிறேன். புள்ளைக்குப் புத்தி பேதலிச்சிருச்சேன்னு இன்னும் சத்தமா அழுவுது.

சாரு என்ன பண்ணினாருங்குறீங்க? மணியை அடிச்சாரு! பயிற்சிக்கு நெசமான ஆளுங்களே வந்துருக்காங்க, எல்லாரும் வாங்கன்னாரு. படிச்ச புள்ளைங்க பன்னண்டு பேரு, அதுல எட்டுப் பேரு கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. மீதியில பஹீமாங்குற பொண்ணு மட்டும் தைரியமா லாத்தாக்கிட்ட வந்துச்சு. அழாதீங்கம்மான்னுச்சு. ஒடனே நாக்கைக் கடிச்சுக்கிச்சு, ஏன்னா அப்புடிச் சொல்லக்கூடாதுன்னு பாடம். அழுங்கம்மா, நல்லா அழுங்கன்னுச்சு. லாத்தா அழுதுச்சு. இன்னும் கொஞ்சம் அழுங்க, பரவால்ல, கூச்சப்படாதீங்கன்னுச்சு. கல்யாணப் பந்தியில பிரியாணி வைக்கிற மாதிரியே இருந்துச்சும்மா. லாத்தா அழுவையை நிறுத்திட்டு, யாருடா இந்தப் பொண்ணுன்னு எங்கிட்ட கேட்டுச்சு.

அப்பறம் எல்லாரும் ஊர்வலமா எங்க ஊட்டுக்குப் போனோம். ஊடு நிக்கிது. ஒரு ஓடு கூட நகரலை. கடப்பாறைப் பசங்க மூஞ்சியில ஒரே ஏமாத்தம். லாத்தாவுக்குக் கோவம்னா கோவம், இடியாத ஊட்டுக்கு என்னடா இவ்வளவு கூப்பாடுன்னு தெருவுல வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிடுச்சு. அப்பறம் கொண்டாந்த கஞ்சியை எல்லாருக்கும் ஊத்துச்சு, குடிச்சுட்டுப் போனாங்க. இப்பவும் டீக்கடையில என்னைப் பாத்தா, என்ன பாய், ஊடு இருக்கான்னுதான் கேப்பாங்க.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நான் அழுவுறது இவ்வளவுதாம்மா. துண்டை மூஞ்சியில போட்டுக்கிட்டுத் தோளைக் குலுக்குவேன், மணி அடிச்சா எந்திரிச்சுப் போயி டீ குடிப்பேன். அதைப் போயி நெசம்னு நம்பிக்கிட்டு, ஒரு மனுசன் ஒரு கஷ்டத்தோட வந்தான், நான் ரெண்டு கஷ்டமாக்கி அனுப்பிட்டேன்னு ராத்திரியெல்லாம் தூங்காம இருந்துருக்கீங்க. கண்ணைப் பாத்தாலே தெரியுதே. நடிப்பும்மா. மொத்தமும் நடிப்பு. நான் சொல்றதை நம்பிப் பரீட்சைக்கு வாங்க.

என்ன?

அட்டையா? எந்த அட்டை... மேசையில கெடந்துச்சா. எடுத்துப் படிச்சீங்களாக்கும்.

ம். ஆமா. கோவம்னுதான் போட்டுருந்துச்சு. கடை தீப்புடிச்சு எரிஞ்சு போன ஆளு, யாரு பேசினாலும் எரிஞ்சு விழணும். அழுவுன்னு போடலை. அது வந்து, நானாச் சேத்துக்கிட்டேன். நடிக்கிறவன்னா முன்னப் பின்ன ஏதாச்சும் சேத்துக்க மாட்டானா? ரெண்டு வருஷ அனுபவம்மா எனக்கு.

பாத்ரூம்லயா? எவ்வளவு நேரம் இருந்தேன்னு யாரு கடிகாரம் பாத்தா? மூஞ்சி கழுவினேன்.

இப்புடிப் பாக்காதீங்கம்மா. நேத்தும் இப்புடித்தான் பாத்தீங்க. தமிழ்ச்செல்வன் பாத்தா எனக்குச் சிரிப்பு வருது, நீங்க பாத்தா வேற என்னமோ வருது. ஏதாச்சும் பேசிட்டாலாவது பரவால்ல. நேத்து நான் வந்து உக்காந்து என்னென்ன பேச்சுப் பேசினேன்! உங்களையெல்லாம் யாரு கூப்புட்டா, எரிஞ்ச கடையை நீ கட்டித் தருவியா, எந்திரிச்சுப் போடின்னு கூட சொன்னேன், மன்னிச்சுக்குங்க, அது அட்டைக்காகச் சொன்னது. வேற யாரா இருந்தாலும் உங்க உணர்வு எனக்குப் புரியுதுன்னு ஆரம்பிச்சுருப்பாங்க. நீங்க ஒண்ணுமே சொல்லலை. ஓடவும் இல்லை. சேரை இத்தினிக்கூண்டு கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. எனக்குக் கத்துறதுக்கு வார்த்தை தீந்துபோச்சு. அதுக்கப்பறந்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டீங்க.

அது பாடத்துல இருக்குற கேள்விதான், எனக்குந் தெரியும். வர்ற புள்ளைங்க அதுக்கு வர்றதுக்குள்ள மணி அடிச்சுடும், இல்லாட்டி நான் அவங்களைப் பேச உட மாட்டேன். நீங்கதான் கேட்டீங்க. ஊட்டுல உங்களுக்கு யாரு இருக்காங்கன்னு.

அட்டையில பதில் இருக்கும்மா. மனைவி, ரெண்டு புள்ளைங்கன்னு தெளிவாப் போட்டுருக்கு. அதைச் சொல்லிட்டுப் போயிருக்கணும். வாயைத் தொறந்தேன், அழுவைதான் வந்துச்சு.

ஏன்னா அந்தக் கேள்வியை என்னை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லம்மா. காரைக்கால்ல எங்கிட்ட யாரு அதைக் கேப்பா? எல்லாருக்குந்தான் தெரியுமே. கறிக்கடைக்காரனுக்குத் தெரியும், டீக்கடைக்காரனுக்குத் தெரியும், கடப்பாறை எடுத்துக்கிட்டு ஓடின பசங்களுக்குத் தெரியும். தெரிஞ்சவங்க யாரும் கேக்க மாட்டாங்க. கேக்காததுக்கு நான் எங்க போயிச் சொல்றது?

நான் சவூதியில, தம்மாம்ல இருந்தேன். பத்தொம்பது வருஷம் அங்கதான், வண்டி ஓட்டிக்கிட்டு. ஏரோப்ளேன் ஓடாத வருஷம் வந்துச்சுல்ல, நோயி வந்த வருஷம், அந்த வருஷம் ஊட்டுல அதுக்கு, எம்பொஞ்சாதிக்கு, ஒடம்புக்கு முடியாமப் போச்சு. மூணே நாளு. மவுத்தாப் போச்சு. எங்கள்ல வச்சுக்க மாட்டாங்கம்மா, அன்னைக்கே அடக்கிடணும். மச்சான் போன்ல காட்டினாரு. ஜனாஸாவைத் தூக்குறாங்க, வாசப்படி தாண்டுறாங்க, தெரு முக்கு திரும்புறாங்க, அங்க நெட்டு போச்சு. நான் ரூம்ல உக்காந்துருக்கேன், கூட இருந்த வங்காளிப் பையனுக்கு என்ன ஆச்சுன்னு புரியலை, ரொட்டி சுட்டுக் குடுத்தான். மறுநாள் டூட்டிக்குப் போயிட்டேன்.

ஊருக்கு வந்து சேர ஏழு மாசம் ஆச்சு. எங்க ஊர்ல யாராச்சும் அழுதா ஊரே ஓடியாரும், இப்பத்தான் சொன்னேன்ல. ஆனா ஏழு மாசத்துல எல்லாரும் அழுது முடிச்சுட்டாங்க. நாப்பதாம் நாள் பாத்திஹா முடிஞ்சு, அது உடுத்தின துணிமணியெல்லாம் ஏழைபாழைக்குக் குடுத்து, ஊட்டுக்கு வெள்ளையடிச்சு வச்சிருந்தாங்க. லாத்தா வாசல்ல நின்னு, வாடா தம்பி, எளைச்சுப் போயிட்டியேன்னுச்சு. அது பாவம், நான் மனசு ஒடையக் கூடாதுன்னு அடக்கிக்கிட்டு நின்னுச்சு. அது அடக்கிக்கிட்டு நிக்கிதேன்னு நான் அடக்கிக்கிட்டேன். உள்ள போயி எல்லாருமாச் சேந்து சாப்புட்டோம். பெட்டியைத் தொறந்து எல்லாருக்கும் டார்ச்லைட்டு குடுத்தேன். யாரு மொதல்ல ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமயே போச்சும்மா. அப்பறம் சேர் வாங்கிப் போட்டேன், மைக்செட்டு வாங்கினேன், எவன் எவன் ஊட்டு விசேஷத்துலயோ போயி நின்னு சிரிப்புக் காட்டிக்கிட்டு இருந்தேன்.

எத்தனையோ பேருக்கு முன்னாடி உக்காந்து இல்லாத கடைக்கு, இல்லாத போட்டுக்கு, இடியாத ஊட்டுக்கு அழுதுருக்கேன். நேத்துதான்மா நான் அழுதேன். அது நீங்க செஞ்ச தப்பு இல்லை. நேத்து ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். டாட்டா ஏஸும் இல்லை, ஒண்ணும் இல்லை, சேரெல்லாம் காலையிலேயே வந்துருச்சு.

அந்தா, திருநள்ளாறு பஸ்ஸு. சீக்கிரமாவே வந்துட்டான் இன்னைக்கு. கை காட்டவா? இடம் இருக்கு, சன்னலோரமே இருக்கு... என்னம்மா, உக்காந்துட்டீங்க? கண்டக்டர் விசிலடிக்கிறாரு பாருங்க.

போங்க தம்பி, போங்க. அவங்க வரலை.

போயிட்டான். அடுத்தது அஞ்சு மணிக்குத்தான், யோசிச்சீங்களா? நாலு மணிப் பரீட்சைக்கு வர்றீங்கதானே? வர்றீங்களா. அல்ஹம்துலில்லாஹ். அப்ப எந்திரிங்க, வெயில் பாக்காம நடந்துடலாம்...

என்ன கேட்டீங்க?

பேரா? அதோட பேரா?

நேரம் இருக்குல்ல நாலு மணிக்கு? அப்ப நானும் செத்த உக்காந்துக்கிறேன். சித்திக்கா. சித்திக்கான்னு பேரும்மா. அஞ்சு வருஷம் ஆச்சு, இந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லி.